பின்மண்டைக்குள் ஒரு பிரஷர் அதிகாரி

திருப்பூர் வீரபாண்டியில் பவர் டேபிள் முன்னால் மணிக்கணக்கில் குனிந்து தைக்கும் பெண், டீ இடைவேளைக்குச் சட்டென்று எழுகிறார். அந்தக் கணத்தில் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடும். ஆனாலும் அவர் மயங்கி விழுவதில்லை. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் முகுளத்துக்குத் தகவல் அனுப்ப, இதயம் வேகமெடுக்கிறது, ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. எல்லாம் சில நொடிகளுக்குள்.

மூளைத்தண்டின் அடிப்பகுதியான இந்த முகுளம்தான் பிரஷரை நொடிக்கு நொடி கவனித்துக்கொள்கிறது.

ஹார்மோன்களின் வாசல்

முகுளத்துக்கு நரம்புகள் மட்டும் தகவல் தருவதில்லை. ரத்தத்தில் வரும் ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளும் அதில் உண்டு. சிறுநீரகம் சுரக்கும் ரெனின், ஆஞ்சியோடென்சின் உருவாக வழிசெய்கிறது. ரத்தத்திலுள்ள பல பொருள்களை மூளை உள்ளே விடாது. ஆனால் முகுளத்தின் பின்புறமுள்ள ஏரியா போஸ்ட்ரீமா என்ற சிறு பகுதியில் அந்தத் தடுப்பு தளர்வானது. அங்குள்ள ஏற்பிகளை ஆஞ்சியோடென்சின் தூண்டினால், இதயத்தை வேகப்படுத்தி ரத்தக்குழாய்களை இறுக்கும் பரிவு நரம்புகள் முடுக்கம் பெறும். பிரஷரை இறக்கும் அனிச்சைச் செயலும் மழுங்கும்.

பலர் தினமும் விழுங்கும் டெல்மிசார்டான், லோசார்டான் மாத்திரைகள் அடைப்பது இதே வகை ஏற்பிகளைத்தான். ரத்தக்குழாயிலும் சிறுநீரகத்திலும்தான் இந்த மாத்திரைகளின் வேலை அதிகம்.

உப்பு ஆசைக்கும் இங்கே ஒரு வேர் இருக்கிறது. ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனை உணரும் நரம்பணுக்கள் எலிகளின் முகுளத்தில் இருப்பதை 2006-இல் கீர்லிங், லோவி குழுவினர் விவரித்தார்கள். உடலில் சோடியம் குறைந்தால் அவை விழித்துக்கொள்கின்றன.

பெண்கள் கவனத்துக்கு

முகுளத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளும் உள்ளன. அங்கே ஈஸ்ட்ரோஜன் பரிவு நரம்புகளை அடக்குவதை விலங்காய்வுகள் காட்டுகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குப் பிரஷர் ஏறுவதற்கு இந்தக் காவல் குறைவதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சிலருக்குப் பிரஷரை ஏற்றிவிடும். கல்லீரல் அப்போது ஆஞ்சியோடென்சினின் மூலப்பொருளைக் கூடுதலாகச் செய்வதே காரணம். எனவே பி.பி. பார்க்காமல் அந்த மாத்திரையைத் தொடங்கவே கூடாது.

ஒன்றரை ஷிஃப்ட்டின் விலை

நன்றாகத் தூங்கும்போது பிரஷர் 10 முதல் 20 சதவீதம் வரை இறங்க வேண்டும். ஒன்றரை ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று உழைப்பவர்களுக்கு அந்த இறக்கம் சரியாகக் கிடைப்பதில்லை. ஆர்டர் அவசரத்தில் கம்பெனிகள் இதை மறந்துவிடுவது நியாயமே இல்லை.

தூக்கத்தோடு உப்பையும் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பு அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

அளந்தால்தான் தெரியும்

கிறுகிறுப்பு இல்லையே, பிரஷர் இருக்காது என்று நினைப்பது ஆபத்து. பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. டீ குடித்த கையோடு அளக்காதீர்கள். அரை மணி நேரம் கழியட்டும். 5 நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பாருங்கள்.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அளவு சரியாகிவிட்டது என்று மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்திவிடாதீர்கள்.