ஒரு நாய்க்காகப் பிறந்த பத்திய உணவு

நாய்க்குச் சிறுநீரகக் கோளாறு என்றால் இன்று மருத்துவர் தனி உணவை எழுதிக் கொடுக்கிறார். இந்த வழக்கத்துக்கு வித்திட்டது ஒரு நாயின் மீது வைத்த பாசம்.

1930களின் இறுதி. அமெரிக்காவைச் சேர்ந்த மோரிஸ் ஃபிராங்குக்குப் பார்வை கிடையாது. அவரை வழிநடத்திய 'பட்டி' என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்க்குச் சிறுநீரகம் பழுதானது. அதைக் காப்பாற்றித் தரும்படி அவர் நியூஜெர்சியின் கால்நடை மருத்துவர் மார்க் மோரிஸை நாடினார்.

புரதம் உடலில் சிதையும்போது உண்டாகும் கழிவைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அதனால் புரதத்தையும் உப்பையும் குறைத்து, சத்துக் குறையாத உணவொன்றை மார்க் மோரிஸ் வகுத்தார். பட்டி தேறியது. மருத்துவரின் மனைவி லூயிஸ் வீட்டுச் சமையலறையில் அதைத் தயாரித்துக் கண்ணாடி ஜாடிகளில் ஃபிராங்குக்கு அனுப்பினார். வழியில் ஜாடிகள் உடையவே, உணவு தகர டின்னுக்கு மாறியது.

1948இல் கன்சாஸின் ஹில் நிறுவனம் உற்பத்தியை ஏற்றது. மார்க் மோரிஸ் தம் தொழில்வாழ்வை விலங்குகளின் ஊட்டச்சத்துக்கே அர்ப்பணித்தார்.

ஒன்று மட்டும் கவனம்: புரதம் குறைத்த இந்த உணவு நோயுற்ற நாய்க்கானது. மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.