தந்தையை மறுத்த மகன்: ஒரு பழைய குங்பூ சித்திரக்கதை

சித்திரக்கதை என்றதும் அது சிறுவர்க்குரியது, வளர்ந்தோர் கையில் எடுக்கத்தகாதது என்று கருதும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. அதிலும் அடிதடிச் சித்திரக்கதை என்றால் கேட்கவே வேண்டியதில்லை. ஆயினும் சண்டையை விற்பதற்கென்றே தொடங்கிய ஒரு தொடர், காலப்போக்கில் மனச்சாட்சியின் கதையாக மாறியதுண்டு. அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட 'மாஸ்டர் ஒஃப் குங்பூ' அத்தகையது. இன்று அதனையே நாம் மீள நோக்கவிருக்கிறோம்.

1973 ஆம் ஆண்டில் அமெரிக்க இளைஞரிடையே குங்பூ மோகம் பெருகியிருந்தது. அவ்வாண்டு யூலை 20 ஆம் திகதி புரூஸ் லீ காலமானார். அடுத்த மாதமே அவர் நடித்த 'என்ரர் த ட்ரகன்' அமெரிக்கத் திரைகளுக்கு வந்தது. அந்த அலை ஓயுமுன், டிசெம்பர் மாதத் திகதியிட்ட இதழொன்றில் ஷாங்-சீ என்னும் இளைஞன் அறிமுகமானான். கதையை எழுதியவர் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட். வரைந்தவர் ஜிம் ஸ்டார்லின்.

கதையின் கரு எளியது. வெளியுலகம் அறியாத தனிமையில், தந்தையே தெய்வம் என்று வளர்க்கப்பட்டவன் ஷாங்-சீ. தந்தை அவனை இலண்டனுக்கு அனுப்புகிறார். பெற்றி என்னும் முதியவர் கொடியவர் என்றும், அவரைக் கொல்வது உலகுக்கு நன்மை என்றும் சொல்லி அனுப்புகிறார். மகன் சொன்னதைச் செய்து முடிக்கிறான். அதன் பின்னரே, கொல்லப்பட்டவர் கொடியவர் அல்லர், கொல்லச் சொன்னவரே கொடியவர் என்ற உண்மை அவனுக்குத் தெரியவருகிறது. தாயிடம் சென்று கேட்கிறான். அவளும் அதனை உறுதிப்படுத்துகிறாள். அவன் தந்தைக்கு எதிராகத் திரும்புகிறான்.

இங்கே நாம் சற்றுத் தரித்து நிற்க வேண்டும். பெரும்பாலான சாகசக் கதைகளில் நாயகன் குற்றமற்றவன். அவனுக்குத் தீங்கு செய்தவனைப் பழிவாங்கப் புறப்படுவான். ஷாங்-சீயோ தன் கையிலேயே பழியைச் சுமந்துகொண்டு புறப்படுகிறான். கீழ்ப்படிதல் என்ற நற்குணமே அவனைக் கொலைக்கு இட்டுச் சென்றது. பெற்றார் சொல் தட்டாதே என்று கற்பிக்கும் எச்சமூகத்துக்கும் இது சங்கடமான கேள்விதான். பின்வந்த இதழ்களில் பெற்றி உயிரோடிருப்பதாகக் கதையை மாற்றிவிட்டனர். அது கதையின் வலிமையைக் குறைத்த மாற்றம் என்பேன்.

1974 இல் எழுத்துப் பொறுப்பை ஏற்ற டக் மென்ச், தன்மைக் கூற்றைத் தொடரின் உயிராக்கினார். படத்திலே கை அடிக்கும். அதன் மேலே அமைந்த வரியிலே மனம் அந்த அடியைக் கேள்வி கேட்கும். புறத்தே போர், அகத்தே விசாரணை என இரண்டும் ஒரே சட்டத்துள் நிகழும். ஓவியர் போல் குலேசி, நாயகனுக்குப் புரூஸ் லீயின் சாயலைக் கொடுத்தார். ஒரு சண்டையைப் பல சிறு சட்டங்களாகப் பிரித்து, பேச்சின்றியே நகர்த்துவதில் அவர் வல்லவர். பின்னாளில் வரைந்த ஜீன் டே, ஒரே பின்னணிக் காட்சியைப் பல சட்டங்களில் தொடரவிட்டு, அதனூடே பாத்திரங்களை நடமாடவைத்தார். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்கிறது தொல்காப்பியம். சொல்லின்றி உடலாலேயே கதை சொல்லும் இவ்வோவியங்களுக்கு அச்சொல் பொருந்தும்.

இனி, இத்தொடரின் நோய்க்கு வருவோம். ஷாங்-சீயின் தந்தை யார்? ஃபு மாஞ்சு. சக்ஸ் றோமர் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1913 இல் வெளிவந்த நாவலில் உலவவிட்ட வில்லன் அவன். சீனரால் மேற்குலகு அழியப் போகிறது என்ற 'மஞ்சள் அபாய' அச்சத்தின் உருவமே அப்பாத்திரம். மார்வெல் அதனை உரிமை பெற்று இரவல் வாங்கியது. அதனோடு பழைய நஞ்சும் கூடவே வந்தது. சீனரின் தோலுக்கு இயற்கையில் இல்லாத செம்மஞ்சள் நிறம் பூசினர். நாயகனின் பேச்சும் சில வேளைகளில் மனிதப் பேச்சாக இராமல் பழமொழித் தொகுப்பாகவே ஒலித்தது.

அந்த இரவலே பின்னர் விலங்காகவும் ஆயிற்று. 125 ஆவது இதழோடு 1983 இல் தொடர் முடிந்தது. நாயகன் வஞ்சகம் நிறைந்த உளவுத் தொழிலைத் துறந்து, சீனக் கிராமமொன்றில் மீனவனாகிறான். அதன்பின், ஃபு மாஞ்சு என்ற பெயருக்கான உரிமை கைவிட்டுப் போனமையால், பழைய இதழ்களை மறுபதிப்புச் செய்ய முடியாமல் ஆண்டுகள் பல கழிந்தன. 2016 இல்தான் அவை பெருந்தொகுதிகளாக வெளிவரத் தொடங்கின. 2021 இல் வந்த ஷாங்-சீ திரைப்படம் ஃபு மாஞ்சுவை முற்றாகக் கைவிட்டு, வென்வூ என்ற புதிய தந்தையைப் படைத்தது. ரொனி லியுங் நடித்த அப்பாத்திரம் மனைவியின் இழப்பால் நிலைகுலைந்த மனிதன். மகன் தந்தையை எதிர்க்கும் கரு அப்படியே நின்றது. இனவெறுப்பு மட்டும் களையப்பட்டது. இரண்டும் பிரிக்க முடியாதவையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பழைய நூல்களை மீளப் படிக்கும்போது இருவகைத் தவறு நேர்கிறது. சிறுவயதில் இரசித்ததால் குறையே இல்லை என்று வாதிடுவோர் ஒருபுறம்; குறை கண்டதும் நூலையே எறிந்துவிடுவோர் மறுபுறம். ஷாங்-சீ தந்தையிடம் கற்ற கலையை மறக்கவில்லை. அக்கலையைக் கொண்டே தந்தையின் தீமையை எதிர்த்தான். நமக்கு வாசிப்பின் சுவையைத் தந்த பழைய நூல்களிடமும் நாம் அவ்வாறே நடந்துகொள்ளலாம். அவை தந்த கலையை வைத்துக்கொள்வோம். அவை ஊட்டிய வெறுப்பை மறுப்போம்.