திறனும் உறுதியும்

மோட்டார் சைக்கிள் எஞ்சினின் திறனைப் பெருக்கும் வழிகளுள் முதன்மையானவை மூன்று: சிலிண்டரின் கொள்ளளவை மிகுத்தல்; எரிபொருட் கலவையை மேலும் அழுத்துதல்; சுழற்சி வேகத்தைக் கூட்டுதல். ஆயின் ஒவ்வொன்றிலும் ஓர் ஆபத்து உண்டு. சுழற்சி வேகம் இருமடங்கானால், பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டின்மீது அப்பிஸ்டனின் நிலைமத்தால் விழும் விசை நான்கு மடங்காகும். கலவையை அளவு மீறி அழுத்தினால், சுடர் வந்தெட்டுமுன் அதன் ஒரு பகுதி தானே வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கும்.

நியூசிலாந்தினரான பர்ட் மன்றோ 1920-இல் வாங்கிய இந்தியன் ஸ்கௌட் வண்டி, மணிக்கு 90 கிலோமீட்டருக்கும் குறைவாகவே ஓடிற்று. அவர் பிஸ்டன்களைத் தாமே வார்த்தார். 600 கன செ.மீ. எஞ்சினை 950 ஆக்கினார். 1967-இல் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் ஏறத்தாழ 296 கிலோமீட்டர் வேகம் எய்தினார். இடையில் உடைந்த உறுப்புகளை எறியாது, வேகத் தெய்வத்திற்கு இட்ட காணிக்கை என்றெழுதிப் பலகையில் அடுக்கி வைத்தார்.

மாணவர் பிழையாகப் போட்ட கணக்கே என் விளக்கம் எங்கே குறைந்தது என்பதை எனக்குக் காட்டும். உடைந்த உறுப்பும் அத்தகையதே. ஆனால் மக்கள் நடமாடும் சாலையில் அப்பாடத்தைக் கற்கலாகாது. அங்கே உடைவது உறுப்பு மட்டுமன்று. ஆகவே இணைப்புத் தண்டு, எண்ணெய் ஓட்டம், வெப்பம் தணிக்கும் அமைப்பு, பிரேக்கு ஆகியவற்றை முதலில் வலுப்படுத்துங்கள். திறனைப் பின்னர்க் கூட்டலாம்.