மாணிக்கக் குழியிற் கிடைத்த கரிய கல்

பலாங்கொடைப் பகுதியின் மாணிக்கச் சரளையில் 1904 இல் இனங்காணப்பட்ட பாரமான கரிய கனசதுரக் கல்லை, கனிய ஆய்வுப் பணிப்பாளர் ஆனந்த குமாரசுவாமி முதலில் யுரேனியத் தாதென்றே கருதினார். இலண்டனில் பகுத்தாய்ந்தபோது, அது பெரும்பகுதி தோரியமும் சிறுபங்கு யுரேனியமும் கொண்ட புதிய கனியமெனத் தெரியவந்தது. அதற்குத் தோரியனைற்று எனப் பெயரிடப்பட்டது.

இலங்கையிலிருந்து சென்ற அக்கனியத்தை ஆராய்ந்தே ஒட்டோ ஹான் 1905 இல் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். 1938 இல் ஸ்ட்ராஸ்மனுடன் இணைந்து யுரேனிய அணுப்பிளவுக்கு வழிதிறந்தவரும் அவரே.

கல் நம்முடையது, அறிவு பிறருடையதாயிற்று. புல்மோட்டைக் கரைமணலின் மொனசைற்றிலும் தோரியம் உண்டு. கல்முனை முதல் பொத்துவில் வரையிலான நம் பிள்ளைகள் இதனைக் கற்றறிவது அவசியம். எனினும் கதிர்த்தொழிற்பாடுடைய மாதிரிக் கற்களை வீட்டில் சேகரித்து வைப்பது தகாது. அவற்றின் தூசும் அவை வெளிவிடும் வாயுவும் நுரையீரலுக்குத் தீங்கானவை.