பேட்டரி இல்லாத பொறி!
குழந்தைகளே, சமையலறையில் 'டக்' என்று அழுத்துகிற கேஸ் லைட்டரில் பேட்டரியே கிடையாது. பிறகு பொறி எப்படி வருகிறது?

உள்ளே இறுகிய ஸ்பிரிங் சட்டென விடுபட, குட்டிச் சுத்தியல் ஒன்று சிறு பீங்கான் துண்டை ஓங்கி அடிக்கிறது. அந்த அடியில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் பிறந்து, நுனி இடைவெளியில் பொறியாகப் பாய்கிறது.

சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் உண்டாகும் என்று 1880ல் கண்டறிந்தவர்கள், பிரான்சின் கியூரி சகோதரர்களான ஜாக்கும் பியரும். லைட்டர் பீங்கானும் அதே வேலையைத்தான் செய்கிறது.

அறிவியல் கண்காட்சிக்கு 'டக்' லைட்டரையே வாங்குங்கள். சக்கரம் உரசும் லைட்டரில் பொறி தருவது கல், மின்சாரம் அல்ல.

வீட்டில் கேஸ் வாசனை வந்தால் மட்டும் லைட்டரைத் தொடவே கூடாது. ஒரு பொறி போதும், வீடே பற்றிக்கொள்ளும்! சன்னலைத் திறந்துவிட்டு, உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.