கையைக் கட்டும் முன் அறையைப் பாருங்கள்

மருந்துக்கடை வழியாக வரும் பிள்ளைகள்

ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளை ஓயாமல் கையை உதறுகிறது, முன்னும் பின்னும் ஆடுகிறது, சுவரில் தலையை மோதுகிறது என்று அழைத்து வருபவர்கள் பலர் தாமதமாகவே வருகிறார்கள். அதற்குள் தாயத்துக் கட்டியாகிவிடும், தூங்கவைக்கும் சளி மருந்து ஊற்றியாகிவிடும், வேறு யாருக்கோ எழுதிய சீட்டைக் காட்டி ரிஸ்பெரிடோனும் வாங்கியாகிவிடும். கடும் எரிச்சலையும் ஆவேசத்தையும் தணிக்க, மருத்துவர் கண்காணிப்பில் தர வேண்டிய மருந்து அது. எடையை ஏற்றும், ஹார்மோனைக் குலைக்கும். பக்கத்து வீட்டார் சிபாரிசில் விழுங்கவைக்க அது மிட்டாயா? அமெரிக்காவில் ஆட்டிசமுள்ள 149 பிள்ளைகளிடம், மனச்சோர்வுக்குத் தரப்படும் சிடலோபிராம் என்ற மருந்தைச் சோதித்து 2009இல் வெளியான ஆய்வில், வெற்று மாத்திரையைவிட அது இந்தச் செய்கைகளைக் குறைக்கவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின.

'உள்ளே இருக்கும் கோளாறு, வெளியே என்ன செய்ய?'

இதுதான் பெரிய தவறான நம்பிக்கை. அமெரிக்க உளவியலாளர் பிரையன் ஐவாட்டாவின் குழு 1982இல், தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் 9 பேரை வெவ்வேறு சூழல்களில் வைத்துப் பார்த்தது. பெரும்பாலானவர்களிடம் சூழல் மாறியபோது அந்தச் செய்கையின் அளவும் மாறியது. சிலருக்குப் பாடவேலை கொடுத்தபோது கூடியது, சிலருக்குத் தனியே விட்டபோது கூடியது. ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000இல் தொடங்கிய ஆய்வு இன்னும் அழுத்தமான சான்று. காப்பகத்தில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். அவர்களிடம் ஆடுதலும் கை உதறலும் குறைந்தன. 'அப்படியானால் எங்கள் வளர்ப்புதான் குற்றமா?' என்று பெற்றோர் கேட்கலாம். இல்லை. ஆட்டிசத்தை வளர்ப்பு உண்டாக்குவதில்லை. அதன் வேர் மரபணுவிலும் மூளை வளர்ச்சியிலும் இருக்கிறது. செய்கை எப்போது எழுகிறது, எவ்வளவு நீடிக்கிறது என்பதில்தான் சூழலுக்குப் பங்கு. 'கையைப் பிடித்துக் கட்டினால் மறந்துவிடுமே' என்பது அடுத்த வாதம். காரணம் அப்படியே இருக்கும்போது கட்டிய கைக்குப் பதில் பல் கடிக்கும், தலை மோதும். கண்டுகொள்ளாமல் விட்டால் போய்விடும் என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. வலியால் மோதும் பிள்ளைக்கு நம் பாராமுகம் என்ன செய்யும்? யாருக்கும் தீங்கில்லாத ஆட்டத்தையோ நிறுத்தவே வேண்டியதில்லை. அது அந்தப் பிள்ளை தன்னைத் தேற்றிக்கொள்ளும் வழியாக இருக்கலாம்.

சோதனை

செய்கைக்குப் பின்னால் வலியோ உடல் தொந்தரவோ இருக்கலாம் என்பதால் காது, பல், கண், மலச்சிக்கல், தூக்கம் ஆகியவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும்.

கெஞ்சிக் கேட்பது இதுதான்

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: செய்கைக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது, மிக்ஸி ஓடியதா, வீட்டில் கூட்டமா, வெறும் அறையில் மணிக்கணக்கில் சும்மா இருந்ததா? அந்த நோட்டு இல்லாமல் மருத்துவரும் இருட்டில்தான் தடவ வேண்டியிருக்கும். சத்தத்தைக் குறையுங்கள், கைக்கு வேலை கொடுங்கள், தினமும் ஓடியாட விடுங்கள், 'போதும்' என்று சொல்லவோ சைகை காட்டவோ கற்றுக்கொடுங்கள். தயவுசெய்து மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள், நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். தலையை மோதினால் மட்டும் நோட்டு நிரம்பட்டும் என்று காத்திருக்க வேண்டாம்; அன்றே அழைத்து வாருங்கள்.