கழுகுமலையிலிருந்து ஜிப்ரால்டர் வரை

பெற்றோர்களே! தமிழ்வழிப் பள்ளியில் நன்றாகப் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்ணும் பெற்ற பெண் பிள்ளை, கல்லூரியின் முதலாண்டில் ஆங்கில விரிவுரை புரியாமல் திகைத்து நிற்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். சில வீடுகளில் அத்துடன் படிப்பே நின்றுவிடுகிறது. "இங்கிலீஷ் வரவில்லை" என்று ஒரே வரியில் காரணமும் சொல்லப்பட்டுவிடுகிறது.

ஏன் வரவில்லை? பனி பெய்வதை ஒருநாளும் கண்டிராத குழந்தைக்கு 'ஸ்னோ' என்ற சொல்லையும், நம் மண்ணில் பூக்காத மலருக்கு 'டாஃபோடில்' என்ற சொல்லையும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். கண்ணால் கண்ட பொருளோடு சேராத சொல், தேர்வு எழுதிய மறுநாளே உதிர்ந்துவிடும். சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள மலையும் பறவையும் மரமும் அணிலும் இருக்க, கடல் கடந்த பொருள்களைத் தேடிப் போவானேன்? "எனக்கே இங்கிலீஷ் தெரியாது, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்கும் தாய்மார்களுக்காகவே இக்கட்டுரை. உங்களுக்குத் தெரிந்தது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

கோவில்பட்டி செல்லும் சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர் சென்றால் கழுகுமலை. அந்தப் பெயரையே முதல் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். நாம் பேச்சில் எல்லாவற்றையும் 'கழுகு' என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'ஈகிள்' வேறு, 'வல்ச்சர்' வேறு. தானே வேட்டையாடி உண்பது ஈகிள். செத்த விலங்கைத் தின்று ஊரைத் தூய்மையாக வைப்பது வல்ச்சர். நம் முன்னோரும் இதனைப் பிரித்தே அறிந்திருந்தனர். இரண்டாவதற்குப் 'பாறு' என்ற பழஞ்சொல் உண்டு. இனி, நம் ஊர் வானத்தில் அன்றாடம் வட்டமிடும் பருந்தைப் பாருங்கள். அதன் பெயர் 'கைட்'. பிள்ளைகள் நூல் கட்டிப் பறக்கவிடும் பட்டத்துக்கும் அதே பெயர்தான்! பறவைக்கே அப்பெயர் முதலில் இருந்தது; சிறகடிக்காமல் காற்றில் மிதக்கும் அதன் அழகைக் கண்டு காகிதப் பட்டத்துக்கும் அதனையே சூட்டிவிட்டனர். "தி கைட் இஸ் இன் தி ஸ்கை" என்று சொல்லிவிட்டு, பறவையா, பட்டமா என்று குழந்தையிடம் கேளுங்கள். அந்தச் சொல்லை அது பிறகு மறக்காது.

பாறுகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் நாடெங்கும் கூட்டங்கூட்டமாக இருந்த இப்பறவைகள் 1990களில் திடீரென்று மடியத் தொடங்கின. வெண்முதுகுப் பாறு இனத்தில் நூற்றுக்கு 99க்கும் மேல் அழிந்தன. மாடுகளுக்கு வலிநீக்கியாகக் கொடுக்கப்பட்ட 'டைக்ளோஃபெனாக்' என்ற மருந்தே காரணம் என்று 2004ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அம்மருந்து ஏற்றப்பட்ட மாடு இறந்தபின் அதனைத் தின்ற பறவையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. இன்று தமிழகத்தில் அவற்றைக் காண நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்குப் பகுதிக்குத்தான் போகவேண்டும். பெயரில் கழுகைச் சுமக்கும் மலை இங்கே இருக்கிறது!

அதே மலையில் எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் குடைவித்த வெட்டுவான் கோயில் உள்ளது. ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பகுதி முடியுமுன் பணியை நிறுத்திவிட்டனர். ஏன் நிறுத்தினர் என்பது தெரியாமலே போயிற்று. 'மானோலித்' என்றால் ஒற்றைக்கல். 'அன்ஃபினிஷ்ட்' என்றால் முற்றுப்பெறாதது. இவ்விரு சொற்களையும் அங்கு அழைத்துச் சென்று காட்டினால் அகராதி தேவைப்படாது.

வடக்கே இராஜபாளையத்தைத் தாண்டினால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்குள்ள மலைக்காட்டில் 'கிரிஸில்ட் ஜயன்ட் ஸ்குவிரல்' என்ற அணில் வாழ்கிறது. சொல்லவே நாக்கு சுளுக்குகிறதா? பிரித்துப் பாருங்கள். 'கிரிஸில்ட்' என்றால் நரையோடிய. 'ஜயன்ட்' என்றால் மிகப் பெரிய. நரை அணில்! உடலுக்குக் குறையாத நீள வாலுடன், தரைக்கு வருவதே அரிதாய், மரம் விட்டு மரம் தாவும் பிராணி இது. இதற்காக 1988இல் அமைக்கப்பட்ட சரணாலயம், 2021இல் மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. 'ஸ்குவிரல்' என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. நிழல், வால் என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. தன் வாலின் நிழலிலேயே அமர்ந்திருப்பது என்று கொள்ளலாம். உங்கள் வீட்டு வேப்பமரத்து அணிலுக்கும் அந்தப் பெயர் பொருந்துகிறதா என்று குழந்தையே பார்த்துச் சொல்லட்டும்.

ஆனால், பெயர்கள் எப்போதும் உண்மையே பேசும் என்று நம்பிவிடவும் வேண்டாம். தமிழகத்தின் மாநில விலங்கான வரையாட்டை ஆங்கிலத்தில் 'நீலகிரி தார்' என்கிறார்கள். அதுவோ நீலகிரியில் மட்டுமல்லாமல், நமக்கு அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர், களக்காடு மலைகளிலும் வாழ்கிறது. பாறைச் சரிவைக் குறிக்கும் 'வரை' என்ற சொல்லால் அதனை அழைத்த தமிழ்ப்பெயரே சரியானது என்பேன்.

களக்காடு மலையில் வாழும் சோலைமந்திக்கு 'லயன் டெயில்ட் மகாக்' என்று பெயர். முகத்தைச் சுற்றிய நரைமுடியைக் கண்டு சிங்கம் என்றார்கள் என நினைப்பீர்கள். இல்லை, வால் நுனியிலுள்ள குஞ்சம்தான் காரணம். இதே 'மகாக்' குடும்பத்தைச் சேர்ந்த, வாலே இல்லாத ஓர் உறவுக்காரக் குரங்கு ஐரோப்பாவின் தென்கோடியில், ஜிப்ரால்டர் என்னும் பெரும் பாறையில் வாழ்கிறது. ஐரோப்பாக் கண்டத்தில் இன்று கட்டின்றித் திரியும் குரங்குக் கூட்டம் அது ஒன்றே. 'மங்க்கி' என்றால் பொதுவாக வாலுள்ளது. 'ஏப்' என்றால் கொரில்லா, சிம்பன்சி போல வாலில்லாதது. இந்த வேறுபாட்டினால் ஏமாந்து அக்குரங்கை நெடுங்காலம் 'ஏப்' என்றே அழைத்துவந்தார்கள்.

ஜிப்ரால்டர் என்ற பெயரைச் சற்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஜபல் தாரிக்! கி.பி. 711இல் தாரிக் இப்னு ஸியாத் தம் படையுடன் கடலைக் கடந்து இறங்கிய மலை, தாரிக்கின் மலை. ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர்கள் வீட்டில் 'ஜபல் நூர்', 'ஜபல் ரஹ்மத்' என்ற சொற்கள் புழங்குகின்றன அல்லவா? அந்த 'ஜபல்'தான் ஆங்கிலேயரின் வரைபடத்திலும் இருக்கிறது.

இப்படி இன்னும் எத்தனையோ! பயணத்தை 'சஃபர்' என்கிறோம். அச்சொல் சுவாஹிலி மொழி வழியாகச் சென்று, விலங்குகளைக் காணக் காட்டுக்குள் செல்லும் 'சஃபாரி' ஆயிற்று. பாலைவனத்துக்கு அரபியில் 'சஹ்ரா'. அதன் பன்மையே 'சஹாரா'. ஆகவே 'சஹாரா பாலைவனம்' என்பது நம்மவர் 'நடு சென்டர்' என்று சொல்வதைப் போன்றதுதான். 'காட்டன்' என்பது அரபியின் 'குத்ன்', அதாவது பருத்தி. தறிச்சத்தம் கேட்டு வளரும் சங்கரன்கோவில் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான சொல் வேறு எது? பருவகாலத்தைக் குறிக்கும் 'மவ்சிம்', காற்றை நம்பிக் கப்பலோட்டிய அரபு வணிகர்களிடமிருந்து போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்தில் 'மான்சூன்' ஆயிற்று. அவ்வணிகர்கள் குதிரைகளுடன் வந்து இறங்கிய துறைமுகங்களில் நம் காயலும் ஒன்று. தமிழும் தன் பங்கைத் தந்திருக்கிறது. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது.

என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது ஜிராஃப். அரபியில் 'ஸராஃபா'. நாமோ ஒட்டகச்சிவிங்கி என்கிறோம்: ஒட்டகம் போன்ற கழுத்து, சிவிங்கிப்புலி போன்ற புள்ளி. ஆங்கிலேயரும் முற்காலத்தில் அதே பொருளில் 'கேமலோபார்ட்', அதாவது ஒட்டகச் சிறுத்தை என்றே அழைத்தனர். அவ்வளவு நீண்ட கழுத்தில் எத்தனை எலும்புகள் இருக்கும்? ஏழே ஏழு. உங்கள் கழுத்திலும் அதே ஏழுதான்! 1414இல் வங்காளத்து சுல்தான் ஒரு ஜிராஃபைச் சீனப் பேரரசருக்குப் பரிசாக அனுப்பினார். தங்கள் புராணத்து மங்கல விலங்கே நேரில் வந்துவிட்டதாகச் சீன அரசவை மகிழ்ந்து, அதனை ஓவியமாகவும் தீட்டிவைத்தது. பெயரில் பங்குகொண்ட சிவிங்கிப்புலியோ இந்தியாவில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விடப்பட்டது. 'சீட்டா' என்ற அதன் ஆங்கிலப் பெயர் இந்திச் சொல்லிலிருந்து பிறந்தது. புள்ளியுடையது என்பது பொருள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை இதற்கென ஒதுக்கிக்கொடுங்கள். நாளுக்கு ஒரு சொல் போதும். அது என்ன, எங்கே பார்த்தேன், அதன் பெயர் என்ன சொல்கிறது என்று மூன்று சிறு ஆங்கில வாக்கியங்களைக் குழந்தை எழுதட்டும். தவறிருந்தால் சிவப்பு மையைத் தொடாதீர்கள். மறுநாள் அதே சொல்லைப் பேச்சில் சரியாகச் சொல்லிக் காட்டுங்கள். உங்களுக்கு உச்சரிப்பு ஐயமாக இருந்தால் பள்ளி ஆசிரியையிடம் குழந்தையையே கேட்டு வரச்சொல்லுங்கள். உங்களுக்குக் கற்பிக்கும் பெருமிதத்துக்காகவே அது கற்றுக்கொண்டு வரும்.

ஜனவரி அல்லது பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருநெல்வேலி சென்று மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் போய்வாருங்கள். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குளம் அது. மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டோர மரங்களிலேயே கூடு கட்ட, ஊர்மக்கள் அவற்றைப் பிள்ளைகளைப் போல் காத்துவருகிறார்கள். குளத்து நீரில் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகளுடன் சாம்பல் நிற வாத்துகள் நீந்தினால், அவை 'பார் ஹெடட் கூஸ்'. மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வருபவை. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அவை பறந்தது பதிவாகியுள்ளது. 'பார்' என்றால் பட்டை, 'ஹெட்' என்றால் தலை. எத்தனை பட்டைகள் என்று குழந்தை ஆங்கிலத்தில் எண்ணிச் சொல்லட்டும். நோட்டையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.